ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸ் சர்வரைக் கண்டுபிடித்து நிறுத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்ட அலுவலகம், செம்பனை ஆலையின் எடைமேடை, கிளினிக், மளிகைக் கடை என்று எங்கே போனாலும் மேசைக்கடியில் ஒரு கணினி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். உள்ளே மைஎஸ்க்யூஎல்லோ போஸ்ட்கிரெஸ்ஸோ ஏதாவது ஒரு டேட்டாபேஸ் சர்வர் இருக்கும். அதை அமைத்துக் கொடுத்தவர் எப்போதோ வேலை மாறிப் போயிருப்பார். இப்போது பார்த்துக்கொள்வது கிராணி (அலுவலக எழுத்தர்), இல்லையென்றால் கணினி தெரிந்த யாரோ ஒரு தம்பி. அவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றைத் தொகுத்திருக்கிறேன். கட்டளைகளை ஒலிப்புப்படி எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். தனியாகச் சொல்லாத இடங்களில் பேச்சு லினக்ஸைப் பற்றியது.

அண்ணே, நிறுத்துவதற்கு எதற்கு இத்தனை சடங்கு? பிளக்கைப் பிடுங்கினால் நின்றுவிடாதா?

நின்றுவிடும். ஆனால் டேட்டாபேஸ் சர்வர், நீங்கள் சேமித்த எல்லாவற்றையும் அந்தந்த இடத்தில் உடனே எழுதிவிடுவதில்லை. மாற்றத்தை முதலில் ஒரு லாக் கோப்பில் குறித்துக்கொள்ளும். மாறிய பக்கங்களை நினைவகத்தில் வைத்திருந்து பிறகு மெல்ல டிஸ்க்கில் இறக்கும். முறையாக நிறுத்தச் சொன்னால் கையில் இருப்பதை முடித்து, இறக்க வேண்டியதை இறக்கி, கோப்புகளை மூடிவிட்டுப் போகும். பிளக்கைப் பிடுங்கினால் அந்த வேலையெல்லாம் அடுத்த முறை கிளம்பும்போது அதன் தலையில் விழும். பெரும்பாலும் மீண்டு வந்துவிடும் என்பது உண்மைதான். டிஸ்க் பழசாக இருந்தால் அந்தப் "பெரும்பாலும்" உங்களைக் காப்பாற்றாது.

எந்த டேட்டாபேஸ் ஓடுகிறது என்றே தெரியவில்லை. முதலில் எதைத் தட்டுவது?

பிஎஸ் -இஎஃப்

ஓடுகிற எல்லாப் புராசஸும், அதாவது இப்போது ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களும், வரிசையாக வரும். நீளமாக இருக்கும், பயப்பட வேண்டாம். வலது கோடியில் இருக்கும் பெயர்களை மட்டும் பாருங்கள். மைஎஸ்க்யூஎல் என்றால் "மைஎஸ்க்யூஎல்டி". மைஎஸ்க்யூஎல்லிலிருந்து பிரிந்து வந்த மரியாடிபி, 10.5 பதிப்பு முதல் "மரியாடிபிடி" என்ற பெயரில் ஓடும். அதனால்தான் பழைய குறிப்பை வைத்துக்கொண்டு தேடுகிறவர்களுக்குச் சில கணினிகளில் ஒன்றுமே கிடைப்பதில்லை. போஸ்ட்கிரெஸ்ஸுக்கு "போஸ்ட்கிரெஸ்", மொங்கோவுக்கு "மொங்கோடி". ஆரக்கிள் இருந்தால் பெயருக்குள் "பிமான்" என்று ஒரு துண்டு தெரியும்.

கடைசியில் "டி" இல்லாமல் வெறும் "மைஎஸ்க்யூஎல்" என்று ஒரு வரி இருந்தால் அது சர்வர் அல்ல. யாரோ ஒருவர் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போன கிளையன்ட். அதை நிறுத்திவிட்டு "சர்வரை நிறுத்திவிட்டேன்" என்று சொல்லிவிடாதீர்கள்.

இனி ஒரு வரியை இடமிருந்து வலமாகப் படிப்போம். முதலில் வருவது எந்தப் பயனர் பெயரில் ஓடுகிறது என்பது. இரண்டாவது அந்தப் புராசஸின் எண். மூன்றாவது அதைப் பெற்ற தாய்ப் புராசஸின் எண். பலரும் இரண்டாவதோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது மூன்றாவது. அங்கே 1 என்று இருந்தால் பெரும்பாலும் லினக்ஸின் மேற்பார்வையாளரான சிஸ்டம்டிதான் அதைக் கிளப்பிப் பார்த்துக்கொள்கிறது. வேறு எண் இருந்தால் அந்த எண்ணையும் போய்ப் பாருங்கள். யார் கிளப்பினார்களோ அவர்கள் வழியாகத்தான் நிறுத்த வேண்டும். கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு இந்த ஒரு விஷயம்தான் பதில்.

கிரெப் போட்டுத் தேடினால், சர்வர் ஓடாதபோதும் ஒரு வரி வருகிறதே?

பிஎஸ் -இஎஃப் | கிரெப் மைஎஸ்க்யூஎல்டி என்று தட்டியிருப்பீர்கள். அந்தக் கிரெப்பும் ஒரு புராசஸ்தான். அதன் கட்டளைக்குள்ளேயே நீங்கள் தேடும் சொல் இருக்கிறது, அதனால் தன்னையே பிடித்துக் காட்டுகிறது. தேடும் சொல்லின் முதல் எழுத்தைச் சதுர அடைப்புக்குள் போட்டு, முழுச் சொல்லையும் ஒற்றை மேற்கோளுக்குள் வைத்தால் அந்த வரி மறைந்துவிடும். அதைவிடச் சுருக்கம்: பிகிரெப் -ஏ மைஎஸ்க்யூஎல்டி. எண்ணும் முழுக் கட்டளையும் வரும், தன்னைத்தானே காட்டாது.

பெயர் எதுவும் பிடிபடவில்லை. ஆனால் புரோகிராம் எங்கேயோ போய்ச் சேர்கிறது.

போர்ட் வழியாக, அதாவது புரோகிராம்கள் வந்து சேரும் எண்ணிட்ட வாசல் வழியாகப் பிடியுங்கள். கட்டளையின் முன்னால் வரும் சுடோ, அதை நிர்வாகி உரிமையோடு ஓட்டச் சொல்வது. சுடோ எஸ்எஸ் -எல்டிஎன்பி என்று தட்டினால் எந்தப் புராசஸ் எந்தப் போர்ட்டில் காது கொடுத்துக்கொண்டிருக்கிறது என்று தெரியும். மைஎஸ்க்யூஎல், மரியாடிபி இரண்டும் 3306. போஸ்ட்கிரெஸ் 5432. மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வர் 1433. ஆரக்கிள் 1521. மொங்கோ 27017. ரெடிஸ் 6379. இவை வழக்கமான எண்கள். அமைத்தவர் மாற்றியும் இருக்கலாம். சுடோ இல்லாமல் தட்டினால் போர்ட் தெரியும், யாருடையது என்ற இடம் காலியாக இருக்கும்.

இங்கேயும் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் பெரும்பாலும் சர்வர் இந்தக் கணினியிலேயே இல்லை. புரோகிராமின் அமைப்புக் கோப்பைத் திறந்து எந்த முகவரியைத் தேடிப் போகிறது என்று பாருங்கள். பக்கத்து அறையில் இருக்கும் கணினியாக இருக்கும்.

போஸ்ட்கிரெஸ் என்று பத்துப் பன்னிரண்டு வரி வருகிறது. எல்லாவற்றையும் நிறுத்த வேண்டுமா?

வேண்டாம், ஒன்றே ஒன்றுதான். மைஎஸ்க்யூஎல் ஒரே புராசஸாக ஓடி, இணைப்புகளை உள்ளுக்குள் திரெட்களாக வைத்துக்கொள்ளும். போஸ்ட்கிரெஸ் அப்படி இல்லை. இணைப்புக்கு ஒரு புராசஸ், அதுபோக செக்பாயின்டர், வால்ரைட்டர், ஆட்டோவேக்கம் என்று வேலைக்கு ஒன்றாக வைத்திருக்கும். எல்லாவற்றுக்கும் தாய் ஒன்று. அதன் வரியில் "-டி" என்ற பெரிய எழுத்தும், பின்னால் டேட்டா இருக்கும் ஃபோல்டரின் பாதையும் இருக்கும். அந்த ஃபோல்டருக்குள் "போஸ்ட்மாஸ்டர்.பிட்" என்று ஒரு கோப்பு உண்டு, அதன் முதல் வரி தாயின் எண்.

பிள்ளைகளில் ஒன்றுக்கு மட்டும் கில் -9 (புராசஸை அந்த இடத்திலேயே கொல்லும் கட்டளை) கொடுத்தால் என்ன ஆகும் என்று ஒரு தம்பி கேட்டார். எல்லாருக்கும் இணைப்பு அறுந்துவிடும். பிள்ளை ஒன்று திடீரென்று செத்ததைப் பார்த்த தாய், பகிர்ந்துகொள்ளும் நினைவகம் கெட்டுப்போயிருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு, மற்ற இணைப்புகளையும் வெட்டிவிட்டு மீட்பு வேலையில் இறங்கும். ஒரு க்வெரியை (டேட்டாபேஸிடம் கேட்ட ஒரு கேள்வியை) நிறுத்தப் போய் எடைமேடையும் அலுவலகமும் சேர்ந்து நிற்கும்.

எண் கிடைத்துவிட்டது. இப்போது கில் போடலாமா?

கொஞ்சம் பொறுங்கள். முதலில் சர்வீஸாக, அதாவது சிஸ்டம்டியின் பொறுப்பில் ஓடுகிறதா என்று பாருங்கள்: சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் என்று தட்டி, இடைவெளி விட்டு அந்த எண்ணைக் கொடுத்தால் எந்தச் சர்வீஸைச் சேர்ந்தது என்று அதுவே சொல்லும். பிறகு சுடோ சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப், அதன் பின்னால் சர்வீஸின் பெயர். உபுண்டுவில் மைஎஸ்க்யூஎல்லின் சர்வீஸ் பெயரில் "டி" இருக்காது, ரெட்ஹாட் குடும்பத்தில் இருக்கும். பாதிப் பேருக்கு "அப்படி ஒரு சர்வீஸ் இல்லை" என்று வருவதற்கு இதுதான் காரணம்.

சர்வீஸாக இல்லாமல் யாரோ கையால் கிளப்பியிருந்தால், அந்தந்த டேட்டாபேஸின் சொந்தக் கட்டளையைப் பயன்படுத்துங்கள். மைஎஸ்க்யூஎல்லுக்கு: மைஎஸ்க்யூஎல்அட்மின் -யு ரூட் -பி ஷட்டவுன். பாஸ்வேர்ட் கேட்கும். போஸ்ட்கிரெஸ்ஸுக்கு பிஜி_சிடிஎல் ஸ்டாப், அதோடு மேலே சொன்ன பெரிய எழுத்து "-டி" போட்டு டேட்டா ஃபோல்டரின் பாதை. உபுண்டு, டெபியனில் பிஜி_எல்எஸ்கிளஸ்டர்ஸ் என்று தட்டினால் எந்தப் பதிப்பு எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று அட்டவணையாக வரும். இரண்டு பதிப்பு ஒன்றாக ஓடும் கணினிகள் நிறைய இருப்பதால் இதை முதலில் பார்ப்பது நல்லது. ரெடிஸ் என்றால் ரெடிஸ்-சிஎல்ஐ ஷட்டவுன்.

பாஸ்வேர்ட் யாருக்கும் தெரியவில்லை. அப்போது?

சுடோ உரிமை இருந்தால் பாஸ்வேர்ட் தேவையில்லை. சும்மா சுடோ கில் என்று தட்டிப் பின்னால் எண்ணைக் கொடுங்கள். அது அனுப்புவது 15ஆம் சிக்னல், அதாவது சிக்டெர்ம், "வேலையை முடித்துவிட்டுப் போ" என்கிற வேண்டுகோள். மைஎஸ்க்யூஎல்டி அதைக் கேட்டு முறையாகவே மூடிக்கொள்ளும். மொங்கோடியும் அப்படித்தான்.

போஸ்ட்கிரெஸ்ஸில் மட்டும் ஒரு நுணுக்கம். தாய்க்கு 15 கொடுத்தால் "ஸ்மார்ட்" முறை: புது இணைப்பை ஏற்காது, ஆனால் இருக்கிறவர்கள் எல்லாரும் தாமாக வெளியேறும்வரை காத்திருக்கும். அலுவலகத்தில் யாராவது புரோகிராமைத் திறந்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்தால் விடிய விடிய நிற்காது. 2ஆம் சிக்னல் கொடுத்தால் "ஃபாஸ்ட்": முடியாத டிரான்ஸாக்ஷன்களை ரத்து செய்து, இணைப்புகளை வெட்டி, சுத்தமாக மூடும். உங்களுக்கு வேண்டியது பெரும்பாலும் இதுதான். பிஜி_சிடிஎல்லும் 9.5 பதிப்பிலிருந்து வேறு எதுவும் சொல்லாவிட்டால் ஃபாஸ்ட் முறையில்தான் நிறுத்துகிறது. 3ஆம் சிக்னல் "இமீடியட்". அடுத்த முறை கிளம்பும்போது மீட்பு வேலை நடக்கும். அவசரம் இல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

கில் -9 போட்டால் ஒரு விநாடியில் முடிகிறதே. அதில் என்ன தப்பு?

9ஆம் சிக்னல் அந்தப் புராசஸுக்குப் போய்ச் சேருவதே இல்லை. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் நேராக அதை அழித்துவிடுகிறது. சர்வருக்கு ஒரு வரி எழுதக்கூட நேரம் கிடைக்காது.

அதற்காக உடனே டேட்டா போய்விடும் என்று பயமுறுத்தவும் மாட்டேன். மைஎஸ்க்யூஎல் 5.5 முதல் இன்னோடிபிதான் இயல்பான சேமிப்பு எஞ்சின். கமிட் ஆன (சேமித்து முடிந்த) பதிவுகள் அதன் ரீடோ லாக்கில் இருக்கும், மறுபடி கிளம்பும்போது அவற்றை எடுத்து ஓட்டிச் சரிசெய்துகொள்ளும். சிக்கல் பழைய புரோகிராம்களில். பல வருடத்துக்கு முன் எழுதிய சம்பளக் கணக்குப் புரோகிராம்களில் இன்னும் மைஐசாம் என்ற பழைய எஞ்சினின் டேபிள்கள் இருக்கின்றன. அவற்றுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. எழுதிக்கொண்டிருக்கும்போது வெட்டினால் இண்டெக்ஸ் உடைந்து, "ரிப்பேர் டேபிள்" ஓட்ட வேண்டி வரும்.

போஸ்ட்கிரெஸ் தாய்க்கு 9 கொடுப்பது இன்னும் மோசம். பிள்ளைகளுக்குச் செய்தி சொல்லாமலே அது போய்விடும். ஏதாவது ஒரு பிள்ளை இன்னும் உயிரோடு எழுதிக்கொண்டிருக்கும்போது, நீங்கள் போஸ்ட்மாஸ்டர்.பிட் கோப்பை அழித்துவிட்டு இரண்டாவது சர்வரைக் கிளப்பினால், ஒரே ஃபோல்டரில் இரண்டு கை எழுதும். அந்தக் கெடுதலை எந்த மீட்பு வேலையும் சரிசெய்யாது. அந்தக் கோப்பு "தடையாக" இருக்கிறது என்று நினைத்து அழிப்பதற்கு முன், அதிலுள்ள எண்ணில் ஏதாவது ஓடுகிறதா என்று பிஎஸ் போட்டுப் பாருங்கள்.

நிறுத்தினேன். கண்மூடித் திறப்பதற்குள் புது எண்ணோடு மறுபடி ஓடுகிறது!

யாரோ எழுப்பிவிடுகிறார்கள். பழைய அமைப்புகளில் அது "மைஎஸ்க்யூஎல்டி_சேஃப்". பெரட்டு (காலை ஆளெடுப்பு) முடிந்தும் வேலைக்காட்டுக்கு வராதவனை லயத்துக்கே போய் எழுப்பி இழுத்துவரும் மண்டோர் (கங்காணி) மாதிரி, மைஎஸ்க்யூஎல்டி விழுந்தால் திரும்பக் கிளப்புவதுதான் அதன் வேலை. புது அமைப்புகளில் அந்த வேலையைச் சிஸ்டம்டி செய்யும். பெரும்பாலான சர்வீஸ்களில் "தவறி விழுந்தால் மட்டும் எழுப்பு" என்று எழுதியிருக்கும். கில் -9 என்பது அதன் கணக்கில் தவறி விழுந்தது. சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப் என்பது நீங்கள் கேட்டு நிறுத்தியது; அதனால் எழுப்பாது.

கணினியை மறுபடி போட்டதும் தானாகக் கிளம்பக்கூடாது என்றால் சிஸ்டம்சிடிஎல் டிஸேபிள் தனியாகக் கொடுக்க வேண்டும். ஸ்டாப் இந்த முறைக்கு மட்டும்தான்.

ஸ்டாப் கொடுத்து வெகு நேரமாகிவிட்டது. தொங்கிவிட்டதா?

பெரும்பாலும் வேலை செய்துகொண்டிருக்கும். லாக் கோப்பைத் திறந்து பாருங்கள்: ஜர்னல்சிடிஎல் -எஃப் -யு, பின்னால் சர்வீஸின் பெயர்.

மைஎஸ்க்யூஎல்லில் மிக நீளமாக இழுப்பது ரோல்பேக், அதாவது முடியாத மாற்றங்களைத் திரும்பப் பெறுவது. உதாரணத்துக்கு, ஒருவர் செக்ரோல் (தோட்டத்தின் ஆள் வருகைப் பதிவு) டேபிளில் நிபந்தனை போட மறந்து எல்லா வரியையும் மாற்றும் அப்டேட்டை ஓட்டுகிறார். பாதியில் பயந்து நிறுத்துகிறார். அதுவரை மாற்றிய ஒவ்வொரு வரியையும் சர்வர் பின்னோக்கி மாற்றியாக வேண்டும். மாற்ற எடுத்த நேரத்தைவிடக் கூடுதலாகவே ஆகலாம். "இனி பொறுக்க முடியாது" என்று -9 கொடுத்தால் ரோல்பேக் ரத்தாகாது. சர்வர் மறுபடி கிளம்பியதும் விட்ட இடத்திலிருந்து தொடரும். காத்திருப்பதைத் தவிர அங்கே குறுக்கு வழி இல்லை.

சிஸ்டம்டி தானாகவே பொறுமை இழக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். சர்வீஸ் கோப்பில் வேறு எதுவும் எழுதாவிட்டால் 90 விநாடிக்குப் பிறகு அதுவே 9ஆம் சிக்னலை அனுப்பிவிடும். பெரிய டேட்டாபேஸ் என்றால் "டைம்அவுட்ஸ்டாப்செக்" மதிப்பு என்ன என்று முன்கூட்டியே பாருங்கள்.

9 கொடுத்தும் சாகவில்லையே?

பிஎஸ் ஏயுஎக்ஸ் போட்டு "ஸ்டாட்" என்ற பத்தியைப் பாருங்கள். "டி" (டிஸ்க் என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து, பெரியது) என்று இருந்தால் புராசஸ் பெரும்பாலும் டிஸ்க்கின் பதிலுக்காகக் கெர்னலுக்குள் காத்திருக்கிறது. டிஸ்க் பதில் சொல்லும்வரை எந்தச் சிக்னலும் வேலை செய்யாது. ஒரு புது டிஸ்க் வாங்க வேண்டிய வேளை அது. "இசட்" என்றால் ஏற்கெனவே செத்துவிட்டது, பெயர் மட்டும் பட்டியலில் நிற்கிறது.

ஒரே ஒரு ரிப்போர்ட் தொங்குகிறது. அதற்காக முழுச் சர்வரையும் நிறுத்த வேண்டுமா?

வேண்டியதில்லை. மைஎஸ்க்யூஎல்லுக்குள் போய் "ஷோ புராசஸ்லிஸ்ட்" கொடுங்கள். அதில் வரும் எண்ணை "கில் க்வெரி" என்பதன் பின்னால் போட்டால் க்வெரி மட்டும் நிற்கும், இணைப்பு இருக்கும். இந்தக் "கில்" டேட்டாபேஸுக்குள் கொடுப்பது, அதன் எண்ணும் வேறு. பிஎஸ்ஸில் பார்த்த எண்ணோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். போஸ்ட்கிரெஸ்ஸில் "பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி"யைப் பார்த்து, முதலில் பிஜி_கேன்சல்_பேக்எண்ட், அதற்கும் மசியாவிட்டால் பிஜி_டெர்மினேட்_பேக்எண்ட்.

கடையில் இருப்பது விண்டோஸும் எக்ஸாம்ப்பும். இதெல்லாம் எனக்குப் பயன்படுமா?

எக்ஸாம்ப் என்பது மைஎஸ்க்யூஎல் அல்லது மரியாடிபியையும் சேர்த்துத் தரும் ஒரு தொகுப்பு. கட்டளைதான் வேறு, வழி அதேதான். கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறங்கள். சாதாரணமாகத் திறந்தால் "அக்செஸ் டினைட்" என்று முகத்தில் அடிக்கும். நெட்ஸ்டாட் -ஏஎன்ஓ | ஃபைண்ட்ஸ்ட்ர் 3306 என்று தட்டுங்கள். கடைசிப் பத்தியில் இருப்பது புராசஸ் எண். அது யார் என்று டாஸ்க்லிஸ்ட்டில் தேடுங்கள்.

சர்வீஸாக ஓடினால் நெட் ஸ்டாப், பின்னால் சர்வீஸின் பெயர். பெயர் தெரியாவிட்டால் வெறும் நெட் ஸ்டார்ட் என்று தட்டினால் ஓடும் சர்வீஸ்களின் பட்டியல் வரும். எக்ஸாம்ப்பில் கட்டுப்பாட்டுப் பலகையின் ஸ்டாப் பொத்தானே போதும். அது திறக்கவில்லை என்றால் எக்ஸாம்ப் ஃபோல்டரில் மைஎஸ்க்யூஎல்_ஸ்டாப்.பேட் இருக்கிறது.

விண்டோஸின் "டாஸ்க்கில்" கட்டளையைப் பற்றி: எண்ணை மட்டும் கொடுத்தால் "வலுக்கட்டாயமாகத்தான் நிறுத்த முடியும், /எஃப் போடு" என்று விண்டோஸே ஆசை காட்டும். அந்த /எஃப்தான் லினக்ஸின் 9. அதற்குப் பதில் மைஎஸ்க்யூஎல்லின் "பின்" என்ற பெயருள்ள ஃபோல்டருக்குப் போய் மேலே சொன்ன மைஎஸ்க்யூஎல்அட்மின் கட்டளையைக் கொடுங்கள், விண்டோஸிலும் அது வேலை செய்யும். எக்ஸாம்ப்பில் மறுநாள் காலை சிவப்பு எழுத்தில் "எதிர்பாராமல் நின்றுவிட்டது" என்று வந்தால் இரண்டைப் பாருங்கள்: முதல் நாள் இப்படி வெட்டி நிறுத்தினீர்களா, அல்லது 3306ஐ வேறொரு மைஎஸ்க்யூஎல் பிடித்து வைத்திருக்கிறதா.

டாக்கருக்குள் ஓடினால்?

டாக்கர் என்பது புரோகிராமை ஒரு தனிப் பெட்டிக்குள் (கண்டெய்னர்) வைத்து ஓட்டுவது. டாக்கர் பிஎஸ், பிறகு டாக்கர் ஸ்டாப், பின்னால் அந்தப் பெட்டியின் பெயர். இயல்பாக 10 விநாடிதான் பொறுக்கும், பிறகு 9 கொடுத்துவிடும். டேட்டாபேஸுக்கு அது போதாது. -டி 120 என்று சேர்த்துக்கொள்ளுங்கள் (இந்த "டி" டைம் என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து, சிறியது). வெளியே பிஎஸ்ஸில் தெரியும் எண்ணை நேராக அடிக்க வேண்டாம்.

எந்த நேரத்தில் நிறுத்துவது நல்லது?

மாதக் கடைசியிலிருந்து அடுத்த மாதம் 7ஆம் தேதி வரை சம்பளக் கணக்கு இருக்கும் சர்வரைத் தொடாதீர்கள். 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டப்படி சம்பளக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் சம்பளம் கொடுத்தாக வேண்டும். ஆறாம் தேதி சர்வர் கிளம்பவில்லை என்றால் அந்த விளக்கத்தை யாரும் கேட்க மாட்டார்கள். எடைமேடை சர்வர் என்றால் கடைசி லோரி போன பிறகு. வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் போடப் பார்ப்பார்கள், நேரம் ஆக ஆக எண்ணெயில் அமிலம் ஏறும். உங்கள் அப்டேட்டுக்காக லோரி நிற்காது. நிறுத்துவதற்கு முன் யார் இணைப்பில் இருக்கிறார்கள் என்று புராசஸ்லிஸ்டில் பார்த்து, அவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் போட்டுவிடுங்கள்.

சாயங்கால இடிமழையில் கரண்ட் போனால்?

யுபிஎஸ் மட்டும் இருந்து பயனில்லை. அதன் யுஎஸ்பி கேபிளைச் சர்வரில் செருகி, பேட்டரி குறைந்ததும் கணினியே தன்னை அணைத்துக்கொள்ளும்படி புரோகிராம் போட வேண்டும். அப்போது எல்லாச் சர்வீஸையும் கணினி முறையாக நிற்கச் சொல்லும், டேட்டாபேஸ் ஒழுங்காக மூடிக்கொள்ளும். பல இடங்களில் அந்தக் கேபிள் பிரிக்காத பிளாஸ்டிக் பையோடு டிராயரில் கிடக்கிறது.

உண்மையிலேயே நின்றுவிட்டதா என்று எப்படி உறுதி செய்வது?

பிகிரெப் ஒன்றும் காட்டக்கூடாது, எஸ்எஸ்ஸில் போர்ட் இருக்கக்கூடாது. மூன்றாவதாக லாக்கின் கடைசி வரிகள்: மைஎஸ்க்யூஎல், மரியாடிபியில் "ஷட்டவுன் கம்ப்ளீட்", போஸ்ட்கிரெஸ்ஸில் "டேட்டாபேஸ் சிஸ்டம் இஸ் ஷட் டவுன்". முதல் இரண்டும் -9 போட்டாலும் சரியாகத்தான் தெரியும். டேட்டா ஃபோல்டரை வேறு டிஸ்க்குக்கு நகலெடுக்கப் போகிறீர்கள் என்றால், லாக்கில் அந்த வரியைப் பார்த்த பிறகு நகலெடுங்கள்.